விழாமல் நடக்க: முதியோருக்கான வீட்டுப் பயிற்சிகள்

வன்னியில் நான் சென்றுவரும் கிராமங்களில் தனித்து வாழும் முதியவர்கள் பலர். பிள்ளைகளில் சிலர் போரில் இல்லாமற்போயினர், சிலர் வெளிநாட்டில். நோயைவிட விழுவதற்கே இவர்கள் அஞ்சுகிறார்கள். விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. ஆனால் அந்தப் பயத்தில் கதிரையிலேயே இருந்தால் கால் தசை மெலிந்து, விழும் ஆபத்து இன்னும் கூடும்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், 3 நாட்கள் சமநிலைப் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் குறைத்தது. அதற்கு இயந்திரங்கள் தேவையில்லை.

இருந்து எழும்புதல்: கதிரையைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். இயன்றவரை கையூன்றாமல் 5 தடவை எழும்பி இருங்கள். பழகியபின் 10 ஆக்கலாம்.

குதி உயர்த்தல்: கனமான மேசையைப் பிடித்தபடி இரு குதிகளையும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள், 10 தடவை.

ஒரே கோட்டில் நிற்றல்: ஒரு காலின் குதி மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி வைத்து 10 விநாடி நில்லுங்கள். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நடை: கூட்டிய முற்றத்தில், வெயிலேற முன், 10 நிமிடம்.

மூளைக்கும் வேலை வேண்டும். பின்லாந்தில் 60 முதல் 77 வயதினரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு ஆகியன சேர்ந்தபோது சிந்தனைத்திறன் மேம்பட்டது. கால்கள் உறுதியானபின், நடந்துகொண்டே 100 இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுங்கள், அல்லது மரங்களின் பெயர்களைச் சொல்லுங்கள். ஊர்களின் பெயர்களைக் கேட்டால் சிலருக்கு இடப்பெயர்வு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் நான் மரங்களையே கேட்கிறேன்.

செயற்கைக் கால் பொருத்தியவர்கள், உடலில் செல் துண்டு உள்ளவர்கள், இதய நோயாளர்கள் முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள்; நெஞ்சுவலி தணியாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

தனியே இருப்பவர்கள் அயலவர் வீட்டில் நிற்கும் நேரத்தில் செய்யுங்கள். இரண்டு வீட்டார் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருநாள் ஒருவர் வராவிட்டால், மற்றவர் படலையைத் திறந்து பார்ப்பார்.