கிரிமேற் கண்ட காட்சி

திருவாரூரில் 1767-இல் தோன்றித் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள், இறுதியில் துறவு பூண்டு, 1847 ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். அதற்குச் சின்னாட்கள் முன்னர்ப் பிறந்தது 'கிரிபை நெலகொன்ன' என்னும் சஹானா இராகக் கீர்த்தனை என்பது சீடர் வழிவந்த செய்தி.

சிறிய பாட்டே. மலைமீது அமர்ந்த இராமனைத் தப்பாது கண்டதாகவும், மெய்சிலிர்த்து ஆனந்தக் கண்ணீர் பெருக, பேச விழைந்தும் நாத்தடுமாறியதாகவும், பத்துப் 'பூட' கழிந்தபின் காப்பதாக அப்பெருமான் அருளியதாகவும் சுவாமிகள் பாடுகின்றார். தம் முடிவைக் கூறும் பாட்டில் அழுகையில்லை. சஹானாவின் குழைவே உண்டு.

தமிழகத்தில் வழங்கும் வரலாறுகள் இதனைப் 'பத்து நாள்' என்றே கூறும். தெலுங்கிலோ பூட என்பது ஒரு வேளை, அரைநாட் பொழுது. ஏர்பேட்டில் அண்டை வீட்டு அம்மையாரைக் கேட்டாலும் இதனைச் சொல்லிவிடுவார்!

காவிரிக் கரையில் பிறந்த பாட்டாயினும் அதன் மொழி நாம் பிழைக்க வந்த இம்மண்ணின் மொழி. ஆராதனையன்று பஞ்சரத்தினங்களைக் கூடிப் பாடும் நம் சிறார் பள்ளியில் தெலுங்கு கற்கின்றனர். இச்சிறு கீர்த்தனையையும் அவர்கள் சேர்ந்து பாடுதல் வேண்டும். பொருளறிந்து பாடும் பேறு, திருவையாற்றுச் சிறாரினும் அவர்கட்கே எளிது.