மானிப்பாயில் நடந்த வைத்திய வகுப்பு

லக்கலப் பகுதியில் ஒருவருக்குக் கடுமையான நோய் கண்டால், மாத்தளைக்கோ கண்டிக்கோ கொண்டு செல்வது நமக்குப் பழகிப்போன காரியம். அங்கே பெரிய வைத்தியரைச் சூழ்ந்து வெள்ளை அங்கியணிந்த இளைஞர் பலர் நிற்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 1962இல் பேராதனையில் வைத்திய பீடம் தோன்றிய பின்னர், கண்டி ஆஸ்பத்திரியின் கட்டிலருகே இப்பாடம் நடந்து வருகிறது. அங்கே கற்பிப்போர் எல்லாரும் பல்கலைக்கழகத்திற் சம்பளம் பெறுவோர் அல்லர். சுகாதாரப் பகுதியின் வைத்திய நிபுணர்களும் தம் வேலையோடு வேலையாகப் போதிக்கின்றனர். இவ்வழக்கம் நம் தமிழ் மக்களிடையே வேரூன்றிய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. நோயாளரைப் பார்ப்பதோடு அவர் நின்றிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கல்கத்தாவிலும் சென்னையிலும் 1835இலேயே வைத்தியக் கலாசாலைகள் தோன்றியிருந்தன. ஆனால் கொழும்பு வைத்தியக் கலாசாலை பிறந்தது 1870இலேதான். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, ஒரு கிராமத்து மருந்துச்சாலையில், வந்த நோயாளரையே பாடமாகக் கொண்டு இவ்வகுப்பு நடந்தது.

முதலில் அவர் ஆங்கிலத்திலேயே போதித்தார். அதனால் விளைந்ததோ வேறு. கற்றுத் தேறியோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே நின்றான். (இக்குறை அக்காலத்தோடு ஒழிந்துவிட்டதென்று லக்கலவாசிகள் சொல்லமாட்டார்கள்.) கிறீன் இதை நன்குணர்ந்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் எண்ணம். தம் மாணாக்கர் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

துணிந்தால் மட்டும் போதுமா? பாடப்புத்தகம் வேண்டுமே! அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் எனப் பெரிய நூல்களைத் தம் மாணாக்கர் துணையோடு தமிழாக்கினார். பக்கங்கள் 4,000க்கு மேற்பட்டன. கலைச்சொல் ஆக்குவதிலும் அவர் ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார்: முதலில் தமிழிற் சொல் உண்டோ என்று தேடுவது, இல்லையேல் வடமொழியிற் பார்ப்பது, அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க மாற்றிக்கொள்வது. 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வந்தது இவ்வழியே. இன்று அச்சொல் நமக்குச் சிறிது நகைப்பைத் தரலாம். ஆனால், கலைச்சொற் சபைகள் எவையும் கூடாத காலத்தில், நோயாளரையும் கவனித்து, வகுப்பும் நடத்திச் செய்த வேலையல்லவா அது!

அவர் மதப்பிரசாரத்தையும் தம் கடமையாகக் கொண்டு வந்தவர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அதில் நமக்கு உடன்பாடில்லாதிருக்கலாம். எனினும், கற்ற வித்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளாது மாணாக்கனுக்கு ஈவது நம் முன்னோர் போற்றிய தருமமே. அதைச் செய்தவர் எச்சமயத்தவராயினும் நாம் வணங்கத் தடையில்லை.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது, அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேலாயினர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர். அமெரிக்காவிற் சேர்ந்த பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்தும் வேலையை அவர் விடவில்லை. 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்று, அவர் விருப்பப்படியே, வூஸ்டர் நகரிலுள்ள கல்லறையிற் பொறித்திருக்கின்றனர்.

இலங்கை வைத்திய பீடங்களில் இன்று பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி இருக்கிறது. யாழ்ப்பாணம் செல்லும் நம் வாலிபர்கள் அதையும் ஒருமுறை பார்த்து வரலாம்.