எலியில் பிறந்த செல்

நுரையீரல் கட்டியின் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இதோ புற்றுநோய் ஸ்டெம் செல் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. பக்கத்துச் செல்களைப் போலத்தான் அதுவும் இருக்கும். தனியே பிரித்து வேறோர் உடலில் விட்டால் முழுக் கட்டியையும் அது மறுபடி உண்டாக்க வேண்டும். அதற்குள்ள அடையாளம் அவ்வளவுதான். ஆகவே இதன் பிறந்த ஊர் எது என்று கேட்டால், ஆய்வக எலியின் தோலடி என்றுதான் சொல்வேன்.

இந்தச் சோதனைக்கு மூலம் டொரோண்டோ. இயற்பியல் படித்த ஜேம்ஸ் டில்லும் மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லக்கும் கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஏற்றி, மண்ணீரலில் முடிச்சுகள் கிளம்புவதை 1961இல் எழுதினார்கள். ஒரு முடிச்சு என்பது ஒரே செல்லின் வம்சம் என்பது பிறகு உறுதியானது. அதே ஊரில் ஜான் டிக்கின் குழு 1994இல் ரத்தப் புற்றுநோயை இந்த வழியில் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் நோயைத் திரும்பக் கிளப்பியவை மிகச் சில செல்களே. 2003இல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகக் கட்டியிலும் அப்படிப்பட்ட செல்களைப் பிரித்துக் காட்டியது. நூறு செல்களே புதுக் கட்டிக்குப் போதுமாயிருந்தன.

நுரையீரலுக்கு வருவதற்குள் 2008 ஆகிவிட்டது. ரத்தத்தில் செல்கள் தனித்தனியே மிதக்கும். கட்டியையோ நறுக்கி, நொதியில் ஊறவைத்து, ஒட்டிக் கிடப்பதை விடுவிக்க வேண்டும். ரத்தக்குழாய்ச் செல்லும் வெள்ளையணுவும் கூடவே வரும். அவற்றைக் கழிக்க வேண்டும். மிச்சத்தில், சிடி133 என்ற புரதத்தை மேலே தாங்கிய செல்களை மட்டும் ஒளிரும் ஆன்டிபாடி காட்டிக்கொடுக்கும். லேசர் பட்டு அது ஒளிர்ந்ததும் அந்தச் செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் ஏறும், துளி தனிக் குழாய்க்குத் திரும்பும். 1965இல் லாஸ் அலமாஸில் மாக் ஃபுல்வைலர் செல் பிரிக்கும் கருவியைச் செய்தபோது, துளியைத் திருப்பும் இந்த வித்தையை இங்க்ஜெட் அச்சிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

அந்த 2008இல் ரோமில் ருஜ்ஜெரோ தே மரியாவின் குழு இன்னொரு வழியையும் சேர்த்துக்கொண்டது. செல் வளர்ப்பில் வழக்கமாக ஊற்றும் ரத்தச் சீரத்தை நிறுத்தியது. சீரம் பட்டால் இந்தச் செல்கள் முதிர்ந்து தம் குணத்தை இழந்துவிடும். இரண்டு வளர்ச்சிக் காரணிகள் மட்டும் கலந்த திரவத்தில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவை தட்டில் ஒட்டாமல் உருண்டைகளாக மிதந்து, மாதக்கணக்கில் பெருகின. சிடி133 உள்ள பத்தாயிரம் செல்களை எலியின் தோலடியில் செலுத்தினால், நோயாளியின் கட்டியை அச்சாக ஒத்த கட்டி எழுந்தது. அதே செல்களை முதிரவிட்டால் சிடி133 மறைந்தது, கட்டி உண்டாக்கும் திறனும் போயிற்று.

சிடி133க்குக் கிடைத்த புகழ் கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே 2008இல் ஷான் மாரிசனின் குழு, தோல் புற்றுநோயான மெலனோமாவின் செல்களை எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளில் வைத்துப் பார்த்தது. எந்தப் பொறுக்கலும் இல்லாமலே நான்கில் ஒரு செல் கட்டி உண்டாக்கியது! அப்படியானால் அபூர்வமாயிருந்தது செல்லா, அதைப் பிழைக்கவிட்ட எலியா?

2010இல் கார்லா கிம்மின் குழு அடையாளம் பற்றிய கேள்வியை நுரையீரலுக்கே கொண்டுவந்தது. கேராஸ் மரபணு மாறி, பி53ஐயும் இழந்த எலிக் கட்டிகளில் ஸ்கா-1 என்ற புரதம் நல்ல அடையாளமாக வேலை செய்தது. கேராஸ் மட்டும் மாறிய கட்டிகளில் அது இருந்த செல்லும் இல்லாத செல்லும் கட்டியை மறுபடி உண்டாக்கின. ஈஜிஎஃப்ஆர் மரபணு மாறிய கட்டிகளிலோ அது இல்லாத செல்களே உண்டாக்கின.

எலியை மாற்றாமல் செல்லின் அக்கம்பக்கத்தைப் பார்த்தது 2017இல் டைலர் ஜாக்ஸின் எம்ஐடி ஆய்வகம். எலியின் நுரையீரல் கட்டிக்குள் சில செல்கள் வின்ட் என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அதை வாங்கிக்கொள்ளும் வேறு சில செல்கள்தான் ஸ்டெம் செல் போல நடக்கின்றன. சுரப்பதை மருந்தால் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மட்டுப்பட்டது.