போரின் மனக்காயமும் ஆசிரியர் பணியும்: பர்மா வழிநடை முதல் யாழ்ப்பாணம் வரை

முன்னுரை

காரைக்குடியைச் சூழ்ந்துள்ள நகரத்தார் ஊர்களுள் நேமத்தான்பட்டியும் ஒன்று. இவ்வூர்களின் பெருவீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களை வியந்து பேசுவோர் பலர். அத்தேக்கு விளைந்த நாட்டிலிருந்து 1942இல் காடும் மலையும் கடந்து கால்நடையாக மீண்ட மனிதரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

போரில் சிக்குண்ட குடிமக்களுக்கு உணவும் மருந்தும் உறையுளும் அளிப்பதே துயர்துடைப்புப் பணி என நாம் பொதுவாகக் கருதுகிறோம். அவர்களுடைய உள்ளத்துக்குப் பொறுப்பேற்பவர் யார்? அப்பொறுப்பை ஏற்பவருடைய உள்ளத்தைத் தாங்குபவர் யார்? திருச்சபையின் அருட்பணி இவ்விரு வினாக்களையும் தவிர்க்க இயலாது. தமிழர் வரலாற்றில் இரு போர்க்காலங்களை ஒப்பிட்டு இவற்றிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பர்மா வழிநடை

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். நகரத்தார் அங்கே 'கொண்டுவிற்க'ச் சென்றனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையற்காரர் எனப் பல நிலையினர் குடும்பத்தை ஊரில் விட்டு ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கினர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன்பட்ட உழவர் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார் கைக்கு வந்தது. பர்மியரின் மனக்கசப்புக்கு இதுவும் ஒரு காரணம். இவ்வுண்மையை மறைத்து அகதிகளின் துயரை மட்டும் கூறுவது நேர்மையாகாது. ஆயினும் பசித்து வழியில் விழுந்தவன் கடன் கொடுத்தவனா, கூலிக்கு உழைத்தவனா என்று கேட்ட பின்னரே கஞ்சி ஊற்றுவது துயர்துடைப்பும் ஆகாது.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத பெருந்திரள் நடந்தது. ஒரு சாரார் தவுங்கூப் கணவாய் வழியே அரக்கான் கடற்கரையை அடைந்து சிட்டகாங்கை நோக்கினர். மற்றொரு சாரார் தாமு, பாலெல், இம்பால் வழியே திமாப்பூரை நோக்கினர். மழைக்காலம் தொடங்கியபின் ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியே லெடோவுக்குப் புறப்பட்டோர் நிலை மிகக் கொடியது. நடந்து வந்தோர் நான்கு இலட்சத்துக்குக் குறையார் என்பர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டோர் தொகை பத்தாயிரம் என்றும், ஐம்பதாயிரம் என்றும், அதனினும் மிகுதி என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் துணைவியாருடன் நடந்து மீண்டு, அவ்வனுபவத்தை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்னும் நூலாக எழுதி வைத்தார். அவ்வாறு எழுத வாய்த்தவர் மிகச் சிலர்.

உதவி நடைபெறாமல் இல்லை. இந்தியத் தேயிலைச் சங்கம் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு அஸ்ஸாம், மணிப்பூர் வழிகளில் பாதை திருத்தி, முகாம் அமைத்து, உணவளித்தது. ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று வேறுபாடு காட்டப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டைக் காங்கிரஸ் பேரியக்கம் கண்டித்தது. ஆக, சோறும் இரயில் பயணமும் நீதியும் அன்று பேசப்பட்டன. மனம் பேசப்படவில்லை.

2. முடிவுறாத துக்கம்

வழியில் இறந்தோரை அடக்கம் செய்ய நேரமில்லை, எரிக்க விறகில்லை. உடன் வந்தவர் உடலை அங்கேயே விட்டு நடந்தனர். ஊரை அடைந்தபின் அதை யாரிடம் கூறுவது? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தபின், 1945இல் போர் முடியும்வரை அந்நாடுகளிலிருந்து செட்டிநாட்டுக்குக் கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. கணவன் உயிரோடிருக்கிறானா என்று அறியாத மனைவி தாலியைக் களையவும் இயலாள். மனம் தேறி அணிந்திருக்கவும் இயலாள். உடலின்றிச் சடங்கில்லை, சடங்கின்றித் துக்கத்துக்கு முடிவில்லை. சொத்திழப்புக்குக் கணக்கு எழுதப்பட்டது. இத்துக்கத்துக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை.

3. யாழ்ப்பாணத்தில் தோன்றிய வழி

உடலின்றி முடியாத இதே துக்கம், அரை நூற்றாண்டுக்குப் பின் ஈழத்தில் ஆயிரக்கணக்கான இல்லங்களில் மீண்டும் குடிபுகுந்தது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 22இல் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பள்ளிச் சிறுவர் பலர் விமானக் குண்டுக்குப் பலியாயினர். அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாகப் பெயர்ந்து, ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பர்மாவிலிருந்து மாதக்கணக்கில் நடந்த திரளுக்கு ஏறத்தாழ நிகரான ஒரு திரள், மழையில், ஒரே சாலையில் நின்றது.

எனினும் ஈழத்தில் ஒரு வேறுபாடு உண்டு. 1980களின் பிற்பகுதி முதலே உள்ளக் காயத்தைப் பெயரிட்டு அழைத்துப் பேசுவோர் அங்குத் தோன்றியிருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடைய தோழரும், 'சாந்திகம்' போன்ற நிறுவனங்களும் இப்பணியைத் தமிழில் செய்தனர். 'நெருக்கீடு', 'மனவடு', 'உளவளத்துணை' என்னும் சொற்கள் அம்மண்ணில் வழக்கூன்றின. மருத்துவமனைக்கு வந்தோர் துயரத்தைத் துயரம் என்று கூறவில்லை. தலைவலி, நெஞ்சடைப்பு, உடல் எரிவு என்றே கூறினர். நோயின் வேரை அறிய உடலின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியிலும் மக்களின் சமய வாழ்வு புறக்கணிக்கப்படவில்லை. சைவர், கிறிஸ்தவர், இசுலாமியர் ஆகியோர் அவரவர் மரபின் செபச் சொல்லையே மூச்சோடு இணைத்துப் பயின்றனர்.

வடக்கில் அன்று உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. இலட்சக்கணக்கானோரை அவர்கள் எங்ஙனம் அடைவர்? ஊர்தோறும் இருந்தவரும், மக்களின் மதிப்பைப் பெற்றவரும், பிள்ளைகளை நாள்தோறும் காண்பவரும் ஆசிரியரே. எனவே ஆசிரியரைத் தெரிந்து பயிற்றுவித்தனர். சிறு ஓசைக்கும் நடுங்கும் பிள்ளை, விளையாட்டை விட்டு ஒதுங்கும் பிள்ளை, படிப்பில் திடீரெனப் பின்தங்கும் பிள்ளை ஆகியோரைத் தண்டியாமல் இனங்காணவும், ஓவியத்தாலும் கதையாலும் ஆட்டத்தாலும் அவர்களைப் பேசவைக்கவும், கடுமையாக நோயுற்றோரை மருத்துவரிடம் அனுப்பவும் அவர்கள் கற்றனர். மட்டக்களப்பில் 1996இல் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் முதலியோர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இவ்வழியதே.

4. ஆசிரியரின் காயம்

ஈண்டு நாம் நின்று நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியரும் இடம்பெயர்ந்தவரே. அவருடைய பள்ளி அகதி முகாமாக மாறியிருந்தது. அவருடைய மாணவர் சிலர் போராளிகளாயினர், சிலர் காணாமற்போயினர். மாணவனின் வெறுமையான இருக்கையைக் கண்டவர், மறுநாள் அதே வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்க வேண்டியவராயிருந்தார். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 'பூரணி' நிலையத்தின் பணியில் ஈடுபட்டவர். எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். துயரக்குரலைக் கேட்பது தீங்கற்ற பணி அன்று. கேட்டவர் சாட்சியாகிறார், சாட்சியை ஆயுதம் விரும்புவதில்லை. 2009இல் போர் முடிந்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவில் மெனிக் பண்ணை முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டபோதும், உணவுப் பணிக்குக் கிடைத்த இசைவு உளசமூகப் பணிக்கு எளிதில் கிடைக்கவில்லை.

ஆலோசனை அளித்தலைத் தமிழகத் திருச்சபைகளில் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். சங்க மரபில் ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்று மீளும் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொருவனை வழியிடைக் கண்டு, தான் சென்ற வழியைக் காட்டுவதாகும். வழிகாட்டுபவன் நேற்றுவரை தானும் பசித்திருந்தவன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் இப்பொருளில்தான் ஆற்றுப்படுத்தினர். ஆனால் பாணனுக்கு ஒரு புரவலன் இருந்தான். ஆசிரியருக்கு யார் இருந்தார்? அவர்கள் குழுவாகக் கூடித் தம் துயரைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வாய்த்த இடங்களில் பணி நிலைத்தது. கேட்டதையெல்லாம் தனியே சுமந்தவர் சோர்ந்தனர்.

முடிவுரை

1983க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழ ஏதிலியர் தமிழகமெங்கும் முகாம்களில் வாழ்ந்து வருகின்றனர். அவர்களிடையே 1984இல் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய மறுவாழ்வுக் கழகம் ஏதிலியரையே ஆசிரியராகவும் ஆலோசகராகவும் பயிற்றுவித்தது. நம் ஆயர்கள் இவர்களிடம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, மனக்காயத்துக்கு மருந்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. காயப்பட்ட சமுதாயத்திற்குள்ளேயே அதைத் தருபவர் உளர். இரண்டாவது, அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. மூன்றாவது, அவர்களுடைய குரலைக் கேட்பதற்கும் ஒருவர் வேண்டும்.

யோபின் நண்பர் ஏழு நாள் தரையிலமர்ந்து வாய் திறவாதிருந்தவரை நல்ல நண்பராயிருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். நம் இறையியல் கல்விக்கூடங்கள் பேசுவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகின்றன. கேட்பதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகின்றன? பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர்; அவர்களிடம் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முகாமில் இருப்பவர்களிடமும், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரிடமும் கேட்கக் காலம் இன்னும் இருக்கிறது.