திண்ணையில் பிரித்த கார்புரேட்டர்

ஆலங்குடியில் தாத்தாவின் பழைய டிவிஎஸ் 50 கிளம்ப மறுத்ததால், திண்ணையில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே ஒரு மிதவை, ஒரு ஊசி, ஒரு பித்தளை ஜெட். அவ்வளவுதான்!

1893-ல் ஜெர்மனியில் மேபாக் செய்ததும் இதைத்தான்: எஞ்சின் இழுக்கும் காற்றில் பெட்ரோலைப் பனிபோலத் தெளிப்பது. அதே ஆண்டு ஹங்கேரியில் பாங்கியும் சொங்காவும் தனியே கண்டுபிடித்தார்கள். (பூக்காரப் பெண் பூவுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத் தோன்றியதாம். நம்புவது உங்கள் இஷ்டம் :-))

எங்கள் பக்கத்து விவசாயிகள் வீட்டு வாசலுக்கு அது வந்தது 1980-க்குப் பிறகு. ஓசூரில் இருவர் போகும் டிவிஎஸ் 50 பிறந்த ஆண்டு அது. கடலை மூட்டை, பலாப்பழம், பிள்ளைகள் எல்லாம் அதில்தான்.

அடைத்த ஜெட்டில் நான் கம்பியை விட்டுக் குத்தினேன். தப்பு! துளை மயிரளவு பெருத்தாலும் பெட்ரோல் கூடும், பிளக்கில் கரி பிடிக்கும். "பெட்ரோல்ல ஊறப்போட்டு சைக்கிள் பம்புல ஊதுறதுதானே தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் திட்டிவிட்டு வேறு ஜெட் மாட்டினார்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது எக்ஸ்எல் 100-ம் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. புகை குறைந்தது நல்லதே. ஆனால் சத்தத்தைக் கேட்டே ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகும் அந்த அண்ணனிடம் தொழில் கற்க இப்போது ஒரு பையனும் இல்லை.