மண் பார்க்கும் பூஞ்சை, ஈரம் பார்க்கும் பூஞ்சை

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக்கும் சஃபோக்கும் சந்திக்கும் பிரெக்லாண்ட் ஒரு மணற்பூமி. ஆண்டு மழை 600 மி.மீ. அளவுதான். முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919இல் வனவியல் ஆணையம் அமைத்து, 1922 முதல் இங்கே பைன் நட்டது. அதுதான் இன்றைய தெட்ஃபோர்ட் காடு. வேரை அழுகவைக்கும் ஹெட்டரோபசிடியான், ஊசியிலையைக் கருக்கும் டோதிஸ்ட்ரோமா ஆகிய இரண்டு பூஞ்சைகளும் இங்கே உண்டு. இரண்டுக்கும் 'இடம் சரியில்லை' என்று காரணம் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றுக்குச் சரியில்லாத இடம் மற்றொன்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வேரழுகல் மண்ணின் பழங்கணக்கைப் புரட்டுகிறது. கேம்பிரிட்ஜின் ஜான் ரிஷ்பெத் 1940களின் பிற்பகுதியில் இங்கே ஆராய்ந்தார். முன்பு ஏர் ஓட்டிய நிலத்திலும், அடியில் சுண்ணாம்புப் பாறை கிடந்து காரம் ஏறிய மண்ணிலும் மரங்கள் அதிகம் செத்தன. அமில மண்ணில் சாவு குறைவு. அங்கே டிரைக்கோடெர்மா விரிடி போன்ற பூஞ்சைகள் வேர்ப்பட்டையில் குடியேறி ஹெட்டரோபசிடியானை நெருங்கவிடுவதில்லை. (நம் உழவர்கள் விதைநேர்த்திக்கு வாங்கும் பொட்டலத்தில் இருக்கும் அதே பெயர்தான்.) நோய் நுழையும் வாசலோ வெட்டிய அடிக்கட்டை. காற்றில் வரும் வித்து பச்சை வெட்டுமுகத்தில் முளைத்து, வேருக்குள் இறங்கி, வேரோடு வேர் உரசும் இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவும். கோடரி படாத தோப்பில் இதற்கு வேலை குறைவு.

டோதிஸ்ட்ரோமா மண்ணை விசாரிப்பதில்லை. ஊசியிலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. வித்துகள் மழைத்தெறிப்பிலும் மூடுபனியிலும் பரவும். இலையில் செம்பட்டை விழுந்து, பழைய இலைகள் உதிர்ந்து, கிளை நுனியில் ஒரு கொத்து மட்டும் மிஞ்சும். வறண்ட பிரெக்லாண்டில் இது எப்படி? ஆண்டு மழை குறைவாக இருந்தாலும், நெருக்கி நட்ட மரங்களுக்கிடையே காற்றோடாமல் ஈரம் காயாமல் நிற்கும். 1990களின் இறுதியிலிருந்து நோய் பெருகியது. 2006இல் ஆணையம் தன் காடுகளில் கார்சிகன் பைன் என்ற பைன் வகையை நடுவதையே நிறுத்திவைத்தது.

சிக்கல் வைத்தியத்தில்தான் இருக்கிறது. இலைக்கருகலுக்கு மருந்து, இடையிடையே மரங்களை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுவது. ஆனால் வெட்டும் ஒவ்வொரு மரமும் வேரழுகலுக்கு ஒரு வாசல், அதுவும் கார மண்ணில். மரம் வளர்ப்போர் இந்த இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் ஒன்றை ஆற்றி மற்றொன்றை வரவழைப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த வாசலை அடைக்கவும் ரிஷ்பெத்தே வழி கண்டார். மரத்துக்குக் கேடு செய்யாத பெனியோஃபோரா என்ற பூஞ்சையை வெட்டிய முகத்தில் முதலில் குடியேற்றிவிட்டால், பின்னால் வரும் ஹெட்டரோபசிடியானுக்கு இடமிருக்காது. 1960களிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இப்போது அறுவை இயந்திரம் மரத்தை வீழ்த்தும்போதே கட்டையின் மேல் இந்தப் பூஞ்சையின் கரைசலைத் தெளித்துவிடுகிறது. நோய் முற்றிய பகுதிகளில், மரங்களை மொத்தமாக வெட்டியபின் அடிக்கட்டைகளையே பிடுங்கி வரிசையாகக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலால் இலைக்கருகலுக்கு ஒரு குறைவும் வரப்போவதில்லை.