கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் - ஒரு சின்ன வரலாறு

கழிவு = (தொகை > 1000) ? 100 : 0;

சி மொழி படித்தவர்களுக்கு இந்த வரி பழக்கமானதுதான். தொகை ஆயிரத்தைத் தாண்டினால் 100 ரூபாய் கழிவு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இஃப், எல்ஸ் போட்டு நாலு வரியில் எழுதுவது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் வரியை மிச்சம் பிடிக்க மட்டுமே இது வந்தது என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும்.

1957-ல் ஐபிஎம் நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதிலிருந்த இஃப், ஒரு கணக்கின் விடை பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா என்று பார்த்து மூன்று இடங்களில் ஒன்றுக்குத் தாவும். புரோகிராமைப் படிப்பவரும் கூடவே தாவ வேண்டும்!

1957-58-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி ஐபிஎம் 704 கணினிக்காகச் சதுரங்க நகர்வுகளை எழுதிக்கொண்டிருந்தார. இந்த இஃப் தொல்லை தரவே, எக்ஸ்இஃப் என்று ஒரு ஃபங்ஷன் செய்தார். ஒரு நிபந்தனையும் இரண்டு மதிப்புகளும் கொடுத்தால் பொருத்தமான மதிப்பு திரும்பி வரும். புரோகிராம் சுருங்கியது, புரியவும் செய்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஃபங்ஷனுக்குள் நுழையும் முன்பே இரண்டு மதிப்புகளையும் கணினி கணக்கிட்டுவிடும். 'எண்ணிக்கை பூஜ்யமானால் வகுக்காதே' என்று எழுதினாலும் முதலில் வகுத்துவிட்டுத்தான் நிபந்தனையைப் பார்க்கும். அதனால் பயன் என்ன? வேண்டிய பக்கத்தை மட்டும் கணக்கிட வேண்டும் என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன்கள் ஓரிடத்தில் நிற்பதற்கும் இதுதான் வழி. மெக்கார்த்தியின் லிஸ்ப் மொழி இதன்மேல்தான் எழுந்தது. அல்கால் 60-ம் இதை ஏற்றுக்கொண்டது.

பிசிபிஎல் மொழியில் அம்புக்குறியும் காற்புள்ளியுமாக இருந்த இது, கென் தாம்ப்சனின் பி மொழியில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் ஆனது. அங்கிருந்து 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சியின் சி மொழிக்கு வந்தது.

எல்லோரும் உடனே வரவேற்கவில்லை. பைத்தானில் 2003-ல் வாக்கெடுப்பு நடத்தியும் எந்த வடிவம் என்று ஒருமித்த முடிவு வரவில்லை. 2006-ல் 2.5 பதிப்பில்தான் இது சேர்ந்தது. 2009-ல் அறிமுகமான கோ மொழியோ இதை வேண்டுமென்றே விட்டுவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் யாருக்கும் புரியாது என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. ஒரு வரிக்கு ஒரு கேள்வி போதும்.

ஃபோர்ட்ரான் என்ன ஆனது? 2018 தரத்தில் அந்தப் பழைய மூன்று வழி இஃப் நீக்கப்பட்டது. 2023 தரத்தில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் உள்ளே வந்தன.